முதுகுப் படத்தை வைத்துப் பெயர் கேட்காதீர்கள்: மலையகத்துப் பகல் பல்லிகளைப் பிரித்தறிவது

உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், லயத்துப் பீலிக்குத் தண்ணீர் இறங்கி வருகிற பாறையில், பட்டப்பகலில் ஒரு சின்னப் பல்லியைப் பார்த்திருக்கிறார். போனில் நான்கு படம் எடுத்திருக்கிறார். 2019-ல் மந்தாரம்நுவரவிலிருந்து புதிதாக விவரிக்கப்பட்ட நெமாஸ்பிஸ் கவ்மினியே என்ற பகல் பல்லியின் படத்தோடு வைத்துப் பார்த்தால் அச்சு அசலாக இருக்கிறதாம். "இது அதுதானா, இல்லை பழைய கண்டியானா இனமா, இல்லை இதுவே ஒரு புதுசா? எதை வைத்து அண்ணன் இவற்றைப் பிரிக்கிறார்கள், எல்லாம் ஒரே பல்லி மாதிரிதானே இருக்கிறது?" என்பது கேள்வி.

நல்ல கேள்வி தம்பி, ஆனால் நீங்கள் அனுப்பிய நான்கில் மூன்று முதுகுப் படம். இந்தப் பல்லிகளின் விஷயத்தில் முதுகு பொய் சொல்லும். பத்துப் பன்னிரண்டு வருடமாக ஆய்வுக்காரர்களோடு பாறை பாறையாக ஏறி இறங்கிய எனக்கே முதுகை மட்டும் பார்த்து இனப்பெயர் சொல்லத் தைரியம் இல்லை. அதனால் எதைப் பார்க்க வேண்டும், ஏன் அதைப் பார்க்க வேண்டும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் சுலபமானதை முடிப்போம். அது பகல் பல்லிதானா? ஆமாம், கண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. லயத்துச் சுவரில் பல்புக்குப் பக்கத்தில் ஈசல் பிடிக்கிற வீட்டுப் பல்லியின் கண்மணி வெளிச்சத்தில் பூனைக்கண் மாதிரி செங்குத்துக் கோடாக ஒடுங்கிவிடும். நெமாஸ்பிஸ் பேரினத்துக்குக் கண்மணி வட்டம், கடுகு ஒட்டிவைத்த மாதிரி. விரலிலும் வித்தியாசம் உண்டு. வீட்டுப் பல்லியின் விரல் அகன்று, அடியில் இரண்டாகப் பிளந்த தகடுகளை அடுக்கி வைத்திருக்கும், அதனால்தான் கண்ணாடியில் கூட ஏறுகிறது. பகல் பல்லியின் விரல் ஒல்லியாக, நடுவில் ஒரு மடிப்போடு, குருவிக்கால் போல நகத்தில் போய் முடியும். மலையகத்தில் குழப்பக்கூடிய இன்னொரு கூட்டமும் இருக்கிறது: 2005-ல் றம்பொடையின் பெயரையே வைத்து விவரித்த சிர்டோடாக்டைலஸ் ரம்பொடா போன்றவை. அவற்றுக்கும் விரல் அகலாது. ஆனால் அவை இரவில் நடமாடுபவை, கண்மணி செங்குத்து, உடம்பும் தடிப்பு. உங்களுடையது காலை பத்து மணிக்குத் தலை கீழே வைத்துப் பாறையில் நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நிற்கிற விதமே பகல் பல்லியின் விதம்.

இனித்தான் கஷ்டம் தொடங்குகிறது.

நிறத்தை நம்பாதீர்கள். அதே பல்லி வெயில் பட்ட பாறையில் வெளிறி, ஈரப்பாசியில் நின்றால் கறுத்துப்போய், உங்களைக் கண்டு பயந்தால் வேறு மாதிரி இருக்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் நிறம் மாறலாம், சில இனங்களில் ஆணின் தொண்டை மஞ்சளாகத் தெரியும், குஞ்சுகளின் வால் வேறு நிறத்தில் இருக்கும். தோல் உரிக்கிற நேரமாக இருந்தால் சாம்பல் பூசியது போல இருக்கும். முதுகு நடுவில் ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது, அதனால் புது இனம் என்று சொல்லி எனக்குப் படம் அனுப்பாத ஆள் இல்லை. கோடு உள்ளதும் இல்லாததும் ஒரே பாறையில், ஒரே இனத்தில் இருக்கலாம். இன்னொரு சிக்கல், அருங்காட்சியகத்துச் சாராயப் போத்தலுக்குள் போன பல்லியின் நிறம் சில வருடத்தில் போய்விடும். பழைய மாதிரியோடு ஒப்பிட வேண்டும் என்றால் நிறம் கைகொடுக்காது. அதனால்தான் இந்தத் துறையில் எல்லாரும் செதிலைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

இலங்கையின் பகல் பல்லிகளைப் பெரிய இரண்டு கூட்டமாகப் பிரிப்பது வழக்கம். ஒன்று கண்டியானா கூட்டம், மற்றது பொடிஹூனா கூட்டம். பொடிஹூனா என்ற பெயரைப் பார்த்து லத்தீன் என்று நினைத்துவிடாதீர்கள், அது சிங்களம். பொடி ஹூனா, அதாவது குட்டிப் பல்லி. கொழும்பு அருங்காட்சியகத்தின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல 1944-ல் வைத்த பெயர். முழுதாக வளர்ந்த பிறகும் மூக்கு நுனியிலிருந்து மலத்துளை வரை மூன்று சென்டிமீட்டர் பக்கம்தான் இருக்கும், பெயர் பொருத்தம்தான்.

இந்த இரண்டு கூட்டத்தையும் பிரிக்கிற அடையாளம் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கிறது. முதலாவது வாலின் அடி. வாலை அடியிலிருந்து பார்த்தால் பொடிஹூனா கூட்டத்தில் நட்டநடுவே ஒரு வரிசைச் செதில் பெரிதாக, கிட்டத்தட்ட அறுகோணமாக, நடைபாதையில் கல் பதித்தது போல ஓடும். கண்டியானா கூட்டத்தில் பெரும்பாலும் அப்படி ஓர் ஒழுங்கு இருக்காது, சின்னச் சின்னச் செதில்கள் நெருக்கிக்கொண்டு கிடக்கும். இரண்டாவது, ஆண்களில் மட்டும் உள்ள துளைகள். மலத்துளைக்கு முன்னால் உள்ள செதில்களில் சில, தொடையின் அடியில் உள்ள செதில்களில் சில, நடுவில் ஊசி குத்தியது போலத் துளை வைத்திருக்கும். மெழுகு போன்ற ஒன்று அதிலிருந்து கசியும். கண்டியானா கூட்டத்து ஆணுக்கு இரண்டு இடத்திலும் துளை உண்டு, பொடிஹூனா கூட்டத்து ஆணுக்குத் தொடையில் மட்டும்தான். பத்து மடங்கு பெரிதாக்குகிற கைலென்ஸ் ஒன்று இருந்தால் போதும், தெளிவாகத் தெரியும். லென்ஸ் இல்லாமல் எண்ணுகிறேன் என்று இறங்கினால் அழுக்கையும் சேர்த்து எண்ணிவிடுவீர்கள்.

மூன்றாவது, விலாவில் உள்ள முள். இது மட்டும்தான் பல்லியைத் தொடாமல் சுலபமாகப் பார்க்கக்கூடியது. கண்டியானா கூட்டத்துப் பல்லிகளில் பெரும்பாலானவற்றுக்கு விலாவோரமாகச் சின்னக் கூம்பு மாதிரி முட்கள் சில எழும்பி நிற்கும். நேராக ஃபிளாஷ் அடித்தால் அது தெரியவே தெரியாது. டோர்ச் லைட்டைப் பக்கத்தில், பாறையோடு ஒட்டிப் படுக்கவைத்தது போலப் பிடித்தால் ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு நிழல் விழும், அப்போது எண்ணலாம். உங்களுடைய மூன்றாவது படத்தில் தற்செயலாக வெயில் பக்கவாட்டில் விழுந்திருக்கிறது. முன்காலுக்குப் பின்னால் இரண்டு, அதற்கும் பின்னால் ஒன்று, கண்ணுக்கு நன்றாகவே தெரிகிறது. அந்த ஒரு படம்தான் எனக்கு உதவியது, மற்ற மூன்றும் அழகாக இருக்கிறதே தவிர உபயோகமில்லை, மன்னிக்கவும்.

துளை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பெண்ணுக்குத் துளையே கிடையாது. நூலில் "மலத்துளைக்கு முன் துளைகள் உண்டு" என்று படித்துவிட்டு, கையில் கிடைத்த பெண் பல்லியில் துளையைக் காணாமல், ஆகா வித்தியாசம் என்று குதித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். குஞ்சும் அப்படித்தான். ஒப்பிட்டால் வளர்ந்த ஆணை வளர்ந்த ஆணோடுதான் ஒப்பிட வேண்டும்.

அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதி இல்லை, நான் செய்த வேலை அதைவிட மோசம். முதன்முதலாக ஓர் ஆய்வுக் குழுவோடு அனுமதிப்பத்திரத்தோடு போனபோது, கல் இடுக்கு ஒன்றிலிருந்து எடுத்த பல்லியை என்னிடம் தந்து, வால் அடியைப் பார்த்து எழுதச் சொன்னார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது, அட்டை காலில் ஏறுகிறது, நான் லென்ஸ் வைத்துப் பார்த்து, "நடுவரிசைப் பெரிய செதில் இல்லை" என்று பென்சிலால் எழுதினேன். அந்த வட்டாரத்தில் இருக்க வேண்டியது பொடிஹூனா கூட்டத்து இனம். அதனால் எனக்கு ஒரே சந்தோசம், ஏதோ பெரிய கண்டுபிடிப்பு என்று. இரவு விடுதியில் விளக்குக்குக் கீழே குழுவின் மூத்தவர் அதே வாலைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் வாலின் அடிப்பாகத்தில் ஒரு விரலை வைத்துக் காட்டினார். அங்கே ஒரு வளையம் மாதிரி, செதிலின் அமைப்பு திடீரென்று மாறுகிற இடம். அதற்கு மேலே, உடம்போடு ஒட்டிய பகுதியில் நாலைந்து பெரிய செதில்கள் ஒழுங்காக இருந்தன. அதற்குக் கீழே இருந்தது முழுக்கப் புதிதாக முளைத்த வால். அறுந்து மறுபடி வளர்ந்த வாலில் பழைய செதில் அமைப்பு திரும்பி வராது, கண்டபடி ஒரு செதில் போர்வைதான் வரும். நான் எழுதியது பல்லியின் அடையாளத்தை அல்ல, அது ஏதோ பறவையிடம் தப்பிய கதையை. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

சரி, கூட்டம் பிரித்தாகிவிட்டது. இனம்? இங்கேதான் "கண்டியானா" என்ற பெயரின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் கேள்வியில் உள்ள "பழைய கண்டியானா" என்ற சொல்லே சிக்கல் பிடித்தது.

இலங்கையில் பிறந்து, பிரித்தானியப் படையில் மருத்துவராக இருந்த எட்வர்ட் பிரடெரிக் கெலார்ட் 1852-ல் கண்டியின் பெயரை வைத்து இந்த இனத்தை விவரித்தார். அந்தக் காலத்து விவரிப்பு என்றால் சில வரிகள்தான். அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேல், மலையிலோ காட்டிலோ ஒல்லி விரலோடு ஒரு பல்லி அகப்பட்டால் அதைப் போடுகிற சாக்கு கண்டியானா. தென்னிந்தியாவில் பிடித்ததைக் கூட அந்தச் சாக்கில் போட்டார்கள். இன்னும் சில பெயர்கள் இருந்தன: 1877-ல் ஃபெர்குசன் வைத்த ஸ்கல்பென்சிஸ், 1885-ல் லண்டனில் இருந்த புலாஞ்சே வைத்த ட்ரோபிடோகாஸ்டர். ட்ரோபிடோகாஸ்டர் என்றால் வயிற்றில் முகடு உள்ளது என்று பொருள், அதாவது வயிற்றுச் செதில் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சின்ன வரப்பு எழும்பியிருக்கும். பெயரிலேயே அடையாளத்தை வைத்த புண்ணியவான். வயிற்றுச் செதில் வழவழப்பா, வரப்பு உள்ளதா என்பது இன்றைக்கும் முக்கியமான கேள்வி. தொண்டை, மார்பு, வயிறு மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஒன்றில் வரப்பு இருந்து மற்றதில் இல்லாமல் போகலாம். வரப்பைப் பார்ப்பதற்கும் பக்கவாட்டு வெளிச்சம்தான் வேண்டும்.

2007 வரை இந்தத் தீவின் பகல் பல்லி இனங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அந்த ஒரே வருடத்தில் இரண்டு மூன்று குழுக்கள் தனித்தனியாகக் கட்டுரை போட்டார்கள், எண்ணிக்கை மடமடவென்று ஏறியது. சிவனொளிபாதமலைப் பக்கத்து சமனலென்சிஸ், உயரமான மலைகளின் கெமுனு எல்லாம் அந்த வருடத்துப் பிள்ளைகள். 2019-ல் மறுபடி ஒரு அலை, அதில் ஒரே கட்டுரையில் ஆறு இனம். நீங்கள் சொல்கிற மந்தாரம்நுவரப் பல்லி அந்த ஆறில் ஒன்று. துட்டகைமுனுவின் படைவீரர்கள் பெயரில் ஒன்றிரண்டும் அதில் இருக்கிறது. இப்போது இலங்கையில் மட்டும் 35-க்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஏறியபோது எல்லாரும் கைதட்டவில்லை. 2017-ல் வந்த ஒரு மரபணு ஆய்வு தலைப்பிலேயே கேட்டது: இவை இதுவரை மறைந்திருந்த இனங்களா, பெயர்கள் பெருத்துப்போனதா, இல்லை இரண்டும் கொஞ்சம் கொஞ்சமா? என்னுடைய அபிப்பிராயத்தைக் கேட்டால், மூன்றாவதுதான். ஒரு மலையிலிருந்து இரண்டு மூன்று பல்லியை மட்டும் எடுத்து, நாலாவது விரலின் அடித் தகடு இதில் பதினாறு அதில் பதினெட்டு என்று எண்ணி இனம் பிரித்தால், பத்துப் பல்லி எடுத்தபோது அந்த எண்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. அதே நேரம், கண்ணுக்கு ஒன்று போலவே இருக்கிற இரண்டு மலைப் பல்லிகள் மரபணுவில் வெகுதூரம் பிரிந்திருப்பதும் உண்மை. அதனால்தான் இப்போது வருகிற நல்ல கட்டுரைகள் செதில் எண்ணிக்கை, உடல் அளவு, மரபணு மூன்றையும் சேர்த்து வைக்கின்றன. பல்லிகளில் பெரும்பாலும் என்டி2 என்ற இழைமணி மரபணுவை வாசித்து ஒப்பிடுவார்கள். வால் நுனியிலோ ஈரலிலோ ஒரு துண்டு போதும். ஆனால் அந்தத் துண்டை, உடலைப் பதப்படுத்துகிற ஃபார்மலின் ஊற்றுவதற்கு முன்பே எடுத்து நல்ல சாராயத்தில் போட வேண்டும், ஃபார்மலின் பட்டால் மரபணு கெட்டுப்போகும். பழைய அருங்காட்சியக மாதிரிகளில் இருந்து மரபணு எடுப்பது சிரமமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புது இனத்தை "வேறுபடுத்துவது" என்றால் என்ன என்பதை இங்கே புரிந்துகொள்ள வேண்டும். ஒரு பல்லியை மட்டும் பார்த்து இது வேறு என்று யாரும் சொல்லிவிட முடியாது, எதிலிருந்து வேறு என்பதுதான் கேள்வி. விவரிப்புக் கட்டுரையைத் திறந்தால் நடுவில் ஒரு பெரிய ஒப்பீட்டுப் பகுதி இருக்கும், படிக்கத் தூக்கம் வரும், ஆனால் உயிர் அங்கேதான் இருக்கிறது. இந்த இனத்திலிருந்து இது வயிற்றுச் செதிலால் வேறு, அந்த இனத்திலிருந்து தொடைத்துளையின் எண்ணிக்கையால் வேறு, இன்னொன்றிலிருந்து விலா முள்ளால் வேறு, என்று சொந்தக்காரர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு நிறுத்திச் சொல்லுவார்கள். ஒரே அடையாளம் எல்லாரிடமிருந்தும் பிரிக்காது. பக்கத்து வீட்டுக்காரனிடமிருந்து பிரிக்கிற அடையாளமும் அக்கரைச் சொந்தக்காரனிடமிருந்து பிரிக்கிற அடையாளமும் வேறு வேறாக இருக்கும். எண்ணுவது எதை என்றால், முதுகின் நடுக்கோட்டை ஒட்டிய மணிச்செதில்கள், வயிற்றின் நடுவில் குறுக்காக எத்தனை செதில், மேலுதட்டுச் செதில், விரலடித் தகடு, விலா முள், துளை. இவற்றோடு கண்ணின் விட்டம், முகத்தின் நீளம், கை கால் எலும்பின் நீளம் எல்லாம் வேர்னியர் கருவியால் அளப்பார்கள். ஒரு பல்லியின் முதுகு மணிச்செதிலை எண்ணி முடிக்க எனக்கு ஒரு டீ ஆறிப்போகிற நேரம் எடுக்கும். நடுவில் யாராவது கூப்பிட்டால் முதலிலிருந்து.

அந்த ஒப்பீட்டுக்கு ஆதாரமாக ஒரு மூல மாதிரி வேண்டும், ஹோலோடைப் என்பார்கள். இனத்தின் பெயர் அந்த ஒரு உடலில் கட்டப்பட்டிருக்கும், நாளைக்குச் சந்தேகம் வந்தால் எல்லாரும் அதைத்தான் போய்ப் பார்ப்பார்கள். நம்முடைய பல்லிகளின் புதிய மூல மாதிரிகளைக் கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் வைப்பது வழக்கம். படத்தைக் காட்டி நான் இனம் கண்டுபிடித்தேன் என்றால் எடுபடாததற்குக் காரணம் இதுதான்.

இடையில் ஒரு வேடிக்கை. நெமாஸ்பிஸ் என்ற பேரினப் பெயரே நம்முடைய பல்லிகளுக்கு நிலைக்குமா என்பது சந்தேகம். 1887-ல் ஸ்ட்ராவுக் அந்தப் பெயரை வைத்தது வியட்நாம் தீவு ஒன்றின் பல்லிக்கு. 2012-ல் வந்த மரபணு ஆய்வில் ஆப்பிரிக்கா, தெற்காசியா, தென்கிழக்காசியா மூன்று இடத்து நெமாஸ்பிஸும் ஒன்றுக்கொன்று நெருங்கிய சொந்தமே இல்லை, பாறையில் ஒட்டி வாழ்ந்து வாழ்ந்து ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன என்று தெரிந்தது. ஆப்பிரிக்கப் பல்லிகளுக்கு ஏற்கெனவே வேறு பெயர் போய்விட்டது. பெயர் மாறினால் என்னைத் திட்டாதீர்கள்.

அடுத்தது இடம். என்னைப் பொறுத்தவரை செதிலுக்குச் சமமான அடையாளம் இடம்தான். இந்தப் பல்லிகள் ஊர் விட்டு ஊர் போகிறவை அல்ல. நிழல், ஈரம், இடுக்கு உள்ள பாறை அல்லது பெருமரம், இது இருந்தால் அங்கேயே பிறந்து அங்கேயே செத்துப்போகும். வெயில் காய்கிற தேயிலை மலையைக் கடப்பது அதற்குக் கடலைக் கடப்பது மாதிரி. மகாவலிப் பள்ளத்தாக்கு நக்கிள்ஸ் மலையை நடுமலையிலிருந்து பிரித்து வைத்திருக்கிறது, 2036 மீட்டர் நமுனுகுலை ஊவாவின் ஓரத்தில் தனியாக நிற்கிறது. இப்படித் தனித்து நிற்கிற மலைகளில் தனித்தனி இனம் உருவாவதில் ஆச்சரியம் இல்லை. இந்தப் பிரிவினை தேயிலை வருவதற்கு வெகுகாலம் முன்பே நடந்தது, கோப்பியும் தேயிலையும் வந்து செய்தது மிச்சமிருந்த காட்டையும் துண்டு துண்டாக வெட்டியதுதான். அதனால் கண்டியில் எடுத்த கண்டியானாவும் ஊவாவில் எடுத்ததும் ஒன்று என்று சும்மா எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய மாதிரிகள் பலவற்றின் சீட்டில் "சிலோன்" என்று மட்டும் எழுதியிருக்கும், ஊர் இல்லை, உயரம் இல்லை. அந்த ஒரு சொல்லால் எத்தனை வருட வேலை வீணாய்ப் போயிருக்கிறது தெரியுமா.

இதை உங்கள் இடத்துக்குப் பொருத்திப் பாருங்கள். மந்தாரம்நுவர பிதுருதலாகலையின் வடக்குச் சரிவுப் பக்கம். நீங்கள் கிழக்கே. நேர்கோட்டில் பார்த்தால் தூரமில்லை. ஆனால் காகம் பறக்கிற தூரம் பல்லிக்குத் தூரமல்ல. நடுவில் காடு தொடர்ச்சியாக இருக்கிறதா, எந்த உயரத்தில் தொடர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். தொடர்ச்சி இருந்தால் ஒரே இனமாக இருக்க வாய்ப்பு உண்டு, அறுந்திருந்தால் வேறாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. இரண்டையும் இடத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. உயரத்தைக் கட்டாயம் குறியுங்கள், போனில் காட்டுகிறதே அது போதும்.

பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் பிடிப்பது சட்டப்படி குற்றம், 1937-லிருந்து இருக்கிற வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அது. சட்டத்தை விடுங்கள், மூன்றரை சென்டிமீட்டர் உடம்பு, நம் விரலால் கொஞ்சம் அழுத்தினாலே வாலை விட்டுவிடும், அந்த வாலைத்தான் நாம் பார்க்க வேண்டும் என்று இவ்வளவு நேரம் எழுதினேன். தோட்டத்துப் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். பல்லி மேலே விழுந்தால் தோஷம் என்று பயந்து கல்லெடுத்து அடிக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை.

பிடிக்காமலே நிறையச் செய்யலாம். பாறையில் தலைகீழாக நிற்கிற பல்லி, நீங்கள் அசையாமல் பத்து நிமிடம் உட்கார்ந்தால் உங்களை மறந்துவிடும். பூச்சியைத் துரத்தி இடுக்கின் கூரைப்பக்கம் போகும்போது வால் அடியும் வயிறும் பக்கவாட்டில் தெரியும். போனில் மாட்டுகிற சின்ன மேக்ரோ லென்ஸ் இருந்தால் நல்லது. தலையின் பக்கவாட்டுப் படம் ஒன்று, உதட்டுச் செதில் எண்ணக்கூடிய மாதிரி. விலாப் படம் ஒன்று, டோர்ச்சைப் பக்கத்தில் பிடித்து. பின்னங்கால் விரல் விரிந்திருக்கும்போது ஒன்று. அளவுக்குக் கையை அதன் பக்கத்தில் நீட்டாதீர்கள், பல்லி போன பிறகு அதே இடத்தில் ஒரு ரூபாய்க் குற்றியை வைத்து இன்னொரு படம் எடுத்தால் போதும். இடுக்கில் முட்டை இருக்கிறதா என்றும் எட்டிப் பாருங்கள், தொடாமல். ஒரு தடவைக்கு இரண்டு, வெள்ளை வெளேரென்று உருண்டையாக, கல்லில் ஒட்டியிருக்கும். பல பெண்கள் ஒரே இடுக்கில் வைப்பதும் உண்டு, பொரித்துப்போன கோதுகளின் தடம் கல்லில் வெள்ளை வட்டமாக வருடக்கணக்கில் நிற்கும். அப்படி ஒரு இடம் கிடைத்தால் அது அந்தப் பல்லிகளின் பரம்பரை வீடு. அந்த இடத்தின் சரியான புள்ளியைப் பொதுவில் போடாதீர்கள், நம் நாட்டு ஓணான்கள் வெளிநாட்டு வளர்ப்புச் சந்தைக்குக் கடத்தப்பட்டுத்தான் 2019-ல் சிலவற்றைச் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள்.

உங்கள் பல்லிக்கு வருகிறேன். வட்டக் கண்மணி, ஒல்லி விரல், பகல் நடமாட்டம், விலாவில் தெளிவான முள். இவ்வளவையும் வைத்துக் கண்டியானா கூட்டத்தின் பக்கம் சாய்கிறேன். அதற்கு மேல் கவ்மினியேயா வேறொன்றா என்று இந்தப் படங்களை வைத்துச் சொன்னால் அது குறி சொல்வது. ஆணா பெண்ணா என்பதே இன்னும் தெரியாது. அப்புறம் நாலாவது படத்தில், வாலின் பாதியில் நிறம் மாறுகிற மாதிரி ஓர் இடம் இருக்கிறது, நிழலா வேறு ஏதாவதா என்று எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த ஞாயிறு அந்தப் பாறைக்குப் போனால் முதலில் அந்த இடத்தைத்தான் கிட்டப் போய் எடுங்கள். அது அறுந்து முளைத்த வாலாக இருந்தால், அந்தப் பல்லியை விட்டுவிட்டு அதே பாறையில் வேறொன்றைத் தேட வேண்டியதுதான்.